அத்தியாயம் 7: ஹீட் சிங்க் – கணக்கு, சோதனை, உப்புக்காற்று

ஒரு ஹீட் சிங்க்கின் வெப்பத் தடை எவ்வளவு என்று கேட்டால், டேட்டாஷீட்டைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். அந்த எண் அலுமினியத்துக்கு மட்டும் உரியதல்ல. சிங்க்கை நிறுத்தியிருக்கும் வாகு, சுற்றியுள்ள காற்று, உள்ளே செலுத்தும் வாட், அடியில் பூசிய பேஸ்ட் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறிவிடும். எந்த நிலையில் அளந்தீர்கள் என்று எழுதாத வெப்பத் தடை அடுத்தவருக்குப் பயன்படாது. இந்த அத்தியாயத்தில் கணக்கைவிட அந்த நிலைகளைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

தூத்துக்குடி மில்லர்புரத்திலும் அதைச் சுற்றிப் பாளையங்கோட்டை சாலைப் பக்கமும் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கு வெப்ப ஆய்வகத்தில் பின்-ஃபின் கருவிப் பரிசோதனை நெடுநாளாக இருந்துவருகிறது. காற்றுக் குழாய்க்குள் ஒரு உலோகக் கம்பி, ஒரு முனையில் ஹீட்டர், கம்பியின் நீளவாக்கில் தெர்மோகப்பிள்கள். அடியிலிருந்து நுனிவரை வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று வரைபடம் போட்டு, ஃபின் திறனைக் கண்டுபிடித்து ரெக்கார்டு நோட்டில் எழுதுவீர்கள். நல்ல பரிசோதனைதான். ஆனால் அதில் இருப்பது ஒற்றைக் கம்பி. உண்மையான ஹீட் சிங்க்கில் ஃபின்கள் நெருக்கமாக நிற்கும். ஒன்றின் சூடு பக்கத்து ஃபின்னுக்குப் போகும் காற்றைக் கெடுக்கும். அந்தச் சிக்கலை ஒற்றைக் கம்பியால் காட்ட முடியாது.

ஊருக்குள்ளேயே இதற்கான உதாரணங்கள் நிறைய. சங்கு குளிக்கப் போகும் படகில் மூச்சுக்காற்று கொடுக்கும் கம்ப்ரசரின் சிலிண்டர் தலையைப் பாருங்கள், வரிவரியாக ஃபின். தெருவிளக்கு எல்இடியின் முதுகிலும், வீட்டு இன்வர்ட்டருக்குள்ளும் அதே வரிகள். துறைமுகத்தை ஒட்டிய அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. அங்கே டர்பைனை விட்டு வெளிவரும் நீராவியின் வெப்பத்தை வாங்கிக்கொள்வது கடல்நீர். வெப்பம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, கடைசியில் யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள் எல்லா இடத்துக்கும் பொது.

ஹீட் சிங்க் தேவையா என்பதே முதல் கணக்கு

வள்ளத்தில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அதிலிருந்து 5 வோல்ட் எடுத்து, கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு அரை ஆம்பியர் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது எல்லாக் கடையிலும் கிடைக்கும் 7805 ரெகுலேட்டர். 12-லிருந்து 5-ஐக் கழித்தால் 7 வோல்ட்; அரை ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட். இவ்வளவும் ரெகுலேட்டருக்குள் வெப்பமாகிறது.

டிஓ-220 உறையில் வரும் 7805-க்கு ஹீட் சிங்க் இல்லாவிட்டால் வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். 3.5 வாட்டுக்கு 227 டிகிரி. அந்த நிலைக்கு வருவதற்கு வெகு முன்பே ரெகுலேட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆகவே சிங்க் தேவை. எவ்வளவு பெரியது? சில்லின் வெப்பநிலை 125 டிகிரி வரை போகலாம் என்று டேட்டாஷீட் சொல்லும். 110-ஐ எல்லையாக வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி வெயிலில் மூடிய பெட்டிக்குள் காற்று 50 டிகிரி என்று எடுப்பதுதான் நியாயம். பாடப்புத்தகத்தின் 25 டிகிரி இந்தக் கடற்கரைக்கு உதவாது. மிச்சம் 60 டிகிரி. அதை 3.5-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 17 டிகிரி. இது முழு வழிக்குமான தடை. இதில் சில்லிலிருந்து உறைவரை 5, பேஸ்ட்டுக்கு 1 என்று கழித்தால் ஹீட் சிங்க்குக்கு 11 மிஞ்சும். உள்ளங்கையில் பாதி அளவு தகடே போதும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகும், அப்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட்டுக்கு ஏறும். வெப்பம் 4.7 வாட் ஆகிவிடும். அதே கணக்கைப் போட்டால் சிங்க்குக்கு மிஞ்சுவது 6.8 மட்டுமே. கரையில் பேட்டரியோடு சோதித்தபோது நன்றாக வேலை செய்த கருவி கடலில் என்ஜினைப் போட்டதும் அணைந்து அணைந்து எரிவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது விசைப்படகுக்கு வாருங்கள். அங்கே 24 வோல்ட் அமைப்பு. சார்ஜ் ஆகும்போது 28.8. வெப்பம் 11.9 வாட். 60-ஐ 11.9-ஆல் வகுத்தால் வழி முழுவதற்கும் 5 டிகிரிதான் இடம். சில்லிலிருந்து உறைக்கும் பேஸ்ட்டுக்கும் சேர்த்தே 6 போய்விட்டது. அதாவது எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் வைத்தாலும், கடலையே அதோடு இணைத்தாலும், இந்த ரெகுலேட்டர் தாங்காது. இங்கே தேவை சுவிட்சிங் வகை பக் கன்வர்ட்டர். 85 சதவீதத் திறன் இருந்தால் அதே 2.5 வாட் வெளியீட்டுக்கு இழப்பு அரை வாட்டுக்கும் குறைவு, சிங்க்கே வேண்டாம். நல்ல வடிவமைப்பாளர் உலோகத்தை எடுப்பதற்கு முன் வெப்பத்தைக் குறைக்க வழி தேடுவார்.

ஃபின்களுக்கு நடுவே எவ்வளவு இடம்

மாணவர்களின் முதல் வரைபடத்தில் ஃபின்கள் எப்போதும் நெருக்கமாகவே இருக்கும். பரப்பு கூடினால் குளிர்ச்சி கூடும் என்பது பாதி உண்மை. விசிறி இல்லாத இயல்புச் சலனத்தில் காற்று தானாகச் சூடாகி மேலே ஏற வேண்டும். இரண்டு பக்கச் சுவர்களையும் ஒட்டி மெதுவாக நகரும் காற்றுப் படலம் உண்டு. இடைவெளி குறுகினால் அந்தப் படலங்கள் ஒன்றோடொன்று முட்டி, நடுவே ஓடும் காற்று இல்லாமல் போய்விடும்.

இதை முதலில் ஒழுங்காக அளந்து சூத்திரமாக்கியவர் நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனத்தில் இருந்த எலன்பாஸ், ஆண்டு 1942. 1984-இல் பார்-கோஹன், ரோசனாவ் இருவரும் அதிலிருந்து உகந்த இடைவெளிக்கான எளிய விதியை வகுத்தார்கள். நிமிர்த்தி வைத்த 100 மி.மீ. உயரச் சிங்க்கைக் காற்றைவிட 40 டிகிரி சூடாக வைத்தால், அந்த விதிப்படி இடைவெளி சுமார் 7 மி.மீ. வருகிறது. உயரம் பாதியானால் 6-க்குச் சற்றுக் கீழே, இரட்டிப்பானால் 8-க்குச் சற்று மேலே. உயரத்தோடு மிக மெதுவாகவே மாறும்.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். அடித்தகடு 100-க்கு 100 மி.மீ., ஃபின் 30 மி.மீ. நீட்டம், 1.5 மி.மீ. தடிமன். 3 மி.மீ. இடைவெளியில் 22 ஃபின் கொள்ளும், 7-இல் 12, 12 மி.மீ. இடைவெளியில் 8. எலன்பாஸ் சூத்திரப்படி ஃபின்கள் காற்றுக்குக் கொடுப்பது டிகிரிக்கு முறையே 0.1, 0.38, 0.31 வாட். எட்டே ஃபின் கொண்டது, அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்புள்ள 22 ஃபின் சிங்க்கை எளிதாகத் தோற்கடிக்கிறது. முன்பக்கம் திறந்திருப்பதால் உண்மைச் சிங்க்கில் அங்கிருந்தும் காற்று நுழையும்; ஆகவே 3 மி.மீ. சிங்க் சூத்திரம் சொல்வதைவிடக் கொஞ்சம் நன்றாகவே நடக்கும். ஆனால் வரிசை மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தக் கடற்கரைக்கு என் பரிந்துரை 10 மி.மீ. அதே கணக்கில் 10 மி.மீ. இடைவெளி டிகிரிக்கு 0.34 வாட் தருகிறது. உகந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு இழப்பு. அந்தச் சிறு இழப்புக்குக் கிடைப்பது பெரிது. துறைமுகச் சாலையில் நிலக்கரித் தூள், உப்பளப் பக்கம் உப்புத் துகள், ஆடிக் காற்றில் செம்மண் புழுதி எல்லாம் ஃபின் நடுவே வந்து தங்கும். 3 மி.மீ. சந்துக்குள் பிரஷ் நுழையாது. 10 மி.மீ. என்றால் ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். புத்தகத்தில் உகந்தது என்று வரும் எண் சுத்தமான சிங்க்குக்கானது.

விசிறி வைத்தால் கதை வேறு. அப்போது காற்றைத் தள்ள வெளி விசை இருப்பதால் 2, 3 மி.மீ. இடைவெளியும் வேலை செய்யும். ஆனால் படகிலும் வெளிப்புறப் பெட்டியிலும் முதலில் பழுதாவது விசிறியின் பேரிங்தான். முடிந்தவரை விசிறி இல்லாமலே முடிக்கப் பாருங்கள்.

செம்பா, அலுமினியமா, கறுப்பா, வெள்ளையா

செம்பின் வெப்பக் கடத்துத்திறன் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு: செம்புக்கு 400 வாட்/மீட்டர்-கெல்வினுக்குச் சற்றுக் குறைவு, ஹீட் சிங்க் செய்யப் பயன்படும் 6063 அலுமினியக் கலவைக்கு 200-ஐ ஒட்டி. இதைப் பார்த்துச் செம்புக்கு மாறச் சொல்லும் மாணவர்கள் உண்டு. மேலே சொன்ன ஃபின்னுக்குத் திறன் கணக்குப் போடுங்கள். இயல்புச் சலனத்தில் வெப்ப மாற்றுக் கெழு 8 என்று வைத்தால், அலுமினிய ஃபின்னின் திறன் 98 சதவீதம். செம்பு மீட்டுத்தரக்கூடியது மிச்சமுள்ள 2 சதவீதத்தில் ஒரு பகுதி மட்டுமே. எடையோ மூன்று மடங்குக்கு மேல். விசிறி வைத்துக் கெழு 50 ஆனாலும் அலுமினியத்தின் திறன் 91. இங்கே தடை இருப்பது உலோகத்துக்குள் அல்ல, உலோகத்துக்கும் காற்றுக்கும் நடுவே.

நிறம் முக்கியம்தான், ஆனால் பெயின்ட் கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. பளபளக்கும் அலுமினியத்தின் கதிர்வீச்சுத் திறன் நூற்றுக்கு 5, 10 அளவில். ஆனோடைஸ் செய்தால் 80-ஐத் தாண்டும். இயல்புச் சலனத்தில் கதிர்வீச்சின் பங்கைத் தள்ள முடியாது. ஆனால் ஒரு ஃபின் வீசும் கதிரை எதிர் ஃபின்னே வாங்கிக்கொள்வதால், வெளிப்புற உறைப்பரப்பு மட்டுமே கணக்கில் வரும். வெயில் நேராக விழும் இடத்தில் கறுப்பு வேண்டாம். நிறமில்லாத ஆனோடைஸ் பூச்சுக்கும் அகச்சிவப்பு வீச்சு ஏறக்குறைய அதே அளவுதான்.

பேஸ்ட்டைப் பற்றி ஒரே விஷயம்: மெல்லிசாக. வாட்/மீட்டர்-கெல்வின் 1 உள்ள சாதாரண வெள்ளை பேஸ்ட்டை, 1.5 சதுர செ.மீ. பரப்பில் 0.1 மி.மீ. தடிமனாக அப்பினால் வாட்டுக்கு 0.67 டிகிரி தடை. கால் பங்காக மெலிந்தால் 0.17. திருகை அளவுக்கு மேல் முறுக்கினால் டிஓ-220 தகட்டின் மறுமுனை மேலே தூக்கிக்கொள்ளும். சில்லு இருப்பது அந்த முனையில்தான்.

சோதனை மேசை

ஹீட்டராகத் தங்கநிற அலுமினிய உறையில் வரும் 50 வாட், 10 ஓம் ரெசிஸ்டர் போதும். டிசி பவர் சப்ளையில் 12.25 வோல்ட் வைத்தால் 15 வாட். வோல்ட்டை பவர் சப்ளையின் திரையில் படிக்காதீர்கள். ரெசிஸ்டரின் கால்களிலேயே மல்டிமீட்டரை வைத்துப் படியுங்கள், இடையிலுள்ள வயரும் கிளிப்பும் வோல்ட்டைத் தின்னும். ஹீட்டரின் முதுகைக் கண்ணாடிக் கம்பளியால் மூடுங்கள். எவ்வளவு மூடினாலும் கொஞ்சம் அந்த வழியே போகும். அதை அளக்க, சிங்க்குக்குப் பதிலாக இரண்டு பக்கமும் கம்பளி வைத்து 1 வாட் மட்டும் கொடுங்கள். 50 டிகிரி ஏறியது என்று வைத்துக்கொண்டால், இழப்பு டிகிரிக்கு 0.02 வாட். கம்பளி இரண்டு பக்கம் இருந்ததால், முதுகு வழி இழப்பு இதற்கும் குறைவாகவே இருக்கும். 40 டிகிரி ஏற்றத்தில் அதிகபட்சம் 0.8 வாட், 15-இலிருந்து இவ்வளவுவரை கழியலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தெர்மோகப்பிளைச் சோதிக்க இந்த ஊர் வசதியானது. கடல்மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். கொடைக்கானலில் இப்படிச் சொல்ல முடியாது. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளை 0, கொதிக்கும் தண்ணீர் 100. இரண்டுக்கும் டிஸ்டில்டு வாட்டரே எடுங்கள். இங்குள்ள பல போர்வெல்களின் உப்புநீர் இரண்டு புள்ளிகளையும் நகர்த்திவிடும். சாதாரணக் கே வகைத் தெர்மோகப்பிளுக்கு 2.2 டிகிரிவரை விலகல் அனுமதி உண்டு. ஆனால் நமக்கு வேண்டியது சிங்க்குக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் ஒரே குவளையில் வைத்து ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று எழுதிக்கொண்டால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

அடித்தகட்டில் பக்கவாட்டிலிருந்து ஹீட்டரின் நடுவரை மெல்லிய துளையிட்டு, பேஸ்ட் தொட்ட தெர்மோகப்பிளை உள்ளே செலுத்துங்கள். மேலே டேப் போட்டு ஒட்டினால் பாதி காற்றின் வெப்பநிலைதான் தெரியும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான அலுமினியத்தின் மேல் காட்டினால் அது எதிரில் நிற்கும் உங்கள் முகத்தின் சூட்டைக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டி, அந்த இடத்தில் மட்டும் பாருங்கள்.

அடுத்து காற்று. இயல்புச் சலனத்தில் சிங்க்கைச் சுற்றிக் காற்று நகரும் வேகம் மிகக் குறைவு. ஆய்வகத்தின் சீலிங் ஃபேன் ஒன்று போதும், முழு அளவீடும் விசிறிச் சோதனையாக மாறிவிடும். முற்பகலுக்கு மேல் கடற்காற்று ஜன்னல் வழியாக நுழைந்தாலும் அப்படியே. சில்லு உறைகளைச் சோதிக்க ஜெடெக் தரநிலை ஒவ்வொரு பக்கமும் 305 மி.மீ. உள்ள மூடிய பெட்டியைச் சொல்கிறது. 15 வாட் சிங்க்குக்கு அது சிறியது. டிவி வந்த அட்டைப்பெட்டி போன்ற பெரியதை எடுத்து, சிங்க்கை நடுவே ஃபின்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி நூலில் தொங்கவிடுங்கள். காற்றின் வெப்பநிலையைப் பெட்டிக்குள்ளேயே, சிங்க்குக்குப் பக்கவாட்டில், அதன் மட்டத்துக்குக் கீழே அளக்க வேண்டும்.

பொறுமைதான் இந்தச் சோதனையில் மிகவும் குறைவாகக் கிடைக்கும் பொருள். நம் 7 மி.மீ. சிங்க்கின் எடை சுமார் 280 கிராம்; ஒரு டிகிரி ஏற 250 ஜூல் வேண்டும். வெப்பத் தடை 2.6 என்றால், இரண்டையும் பெருக்கக் கிடைக்கும் நேர மாறிலி 650 வினாடி, ஏறக்குறைய 11 நிமிடம். இறுதி வெப்பநிலையை நெருங்க இதைப்போல் ஐந்து மடங்கு வேண்டும், அதாவது 55 நிமிடம். 20 நிமிடத்திலேயே படித்துவிட்டால் 40 டிகிரி ஏற்றத்தில் 33, 34 தான் தெரியும். சிங்க் ஆறில் ஒரு பங்கு நல்லதாகத் தோன்றும். மூன்று மணி நேர ஆய்வக வகுப்பில் ஒழுங்காக முடிவது இரண்டு அளவீடுகள். இரண்டே செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி, அடுத்தடுத்த மூன்று அளவுகள் கால் டிகிரிக்குள் நிற்கும்போது நிலைத்தது என்று கொள்ளுங்கள். நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த இரண்டில் ஒன்றை 15 வாட்டிலும் மற்றதை 5 வாட்டிலும் வைப்பது நல்லது. வெப்பத் தடை இரண்டிலும் ஒன்றாக வராது. சூடு கூடினால் காற்று வேகமாக ஏறும். வெப்பநிலை வித்தியாசம் இரட்டிப்பானால் கெழு 19 சதவீதம் கூடும். குறைந்த வாட்டில் தடை அதிகமாகத் தெரிவதைப் பார்த்து அளவீட்டில் பிழை என்று அழித்துவிட வேண்டாம், அதுதான் இயற்பியல். அடுத்த வகுப்பில் சிங்க்கைப் படுக்கவைத்து அதே 15 வாட். கணினியில் சிஎஃப்டி மாதிரி செய்தவர்கள் இந்த மூன்று எண்களையும் மாதிரி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கட்டும். ஒன்றுக்கு மட்டும் பொருந்தும் மாதிரியை நம்ப முடியாது.

உப்பு

பெரும்பாலான கல்லூரி ரிப்போர்ட்டுகள் இங்கே வருவதற்கு முன்பே முடிந்துவிடும். தூத்துக்குடியில் படிப்பவர்கள் தொடர வேண்டும், ஏனென்றால் உங்கள் சிங்க் வாழப்போவது இந்தக் காற்றில்.

சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் இழுத்துக் கரையும். கடலிலிருந்து வரும் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கும். இந்தக் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே போவது அரிது. ஆகவே ஃபின் மேல் படிந்த கடலுப்பு கருவி ஓடும்போது காய்ந்தும், அணைத்த பின் நனைந்தும் மாறி மாறி இருக்கும். அரிப்புக்கு இதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை. அந்த ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். செம்பு அடித்தகட்டில் அலுமினிய ஃபின் பொருத்திய கணினிச் சிங்க்குகளைப் படகுக் கருவிக்கு எடுக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் திருகும் அலுமினியத்தை அரிக்கக் கூடியது. திருகுத் தலைக்கடியில் நைலான் வாஷர் போட்டு, துளையில் கிரீஸ் வையுங்கள்.

ஏஎஸ்டிஎம் பி117 என்ற உப்பு மூடுபனிச் சோதனை 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தெளிக்கிறது. அதற்கான அறை இல்லாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றைச் செய்யலாம். 950 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் 50 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு. ஒரே அளவில் இரண்டு சிங்க், ஒன்று வெறும் அலுமினியம், மற்றது ஆனோடைஸ் செய்தது. இரண்டையும் முதலில் பெட்டியில் அளந்து, பிறகு ஹீட்டர், பேஸ்ட் எதையும் கழற்றாமல் அடிப்பகுதியைப் பிளாஸ்டிக்கால் மூடி, தினமும் காலையில் ஃபின்கள் மேல் மட்டும் தெளித்து மொட்டைமாடி நிழலில் வையுங்கள். செமஸ்டர் முடியும் தறுவாயில் அதே வாட், அதே வாகு, அதே பெட்டி.

தடை கூடியிருந்தால் காரணத்தைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சிங்க்கை நல்ல தண்ணீரில் பிரஷ்ஷால் கழுவி, காயவைத்து, மீண்டும் அளவிடுங்கள். பழைய எண்ணுக்குத் திரும்பிவிட்டால் ஃபின் நடுவே படிந்த உப்பும் தூசியும்தான் காரணம்; பயன்படுத்துபவரிடம் எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். திரும்பாவிட்டால் ஃபின்களை விட்டுவிட்டு ஹீட்டரைக் கழற்றுங்கள். அடியில் பேஸ்ட் வறண்டிருக்கும், அல்லது இணைப்பின் ஓரத்திலிருந்து வெள்ளைத் தூள் உள்ளே ஏறியிருக்கும். அடுத்த வடிவமைப்பில் அந்த ஓரத்தைச் சிலிக்கான் சீலன்ட் போட்டு அடையுங்கள். ஃபின்களில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.